பெயர்த்து நட்ட மயிர் மீண்டும் முளைப்பது எங்ஙனம்?

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் நடைபெற்ற பழைய மாணவர் ஒன்றுகூடலில், எம் வகுப்பைச் சேர்ந்தோர் பதினொருவர் ஒரே மேசையில் அமர்ந்து உணவருந்தினோம். அவருள் எழுவர் சீப்பு வேண்டாத நிலையை எய்தியிருந்தனர். இதுபற்றி அவர்களுள் எவரும் கவலையுற்றதாகத் தெரியவில்லை. ஒருவர் மட்டும், வெளியே வெயிலில் நின்றபோது மாத்திரமன்றி, மண்டபத்தினுள்ளும் தொப்பியைக் கழற்றாதிருந்தார். விருந்து முடிந்தபின் என்னைத் தனியே அழைத்துச் சென்று அத்தொப்பியை உயர்த்திக் காட்டினார். ஒரு மாதத்துக்கு முன்னர், பெருந்தொகைப் பணம் செலவிட்டு, பின்தலை மயிரை வேரோடு பெயர்த்து முன்தலையில் நடுவித்திருந்தார். நட்டவிடத்தில் சில சிவந்த புள்ளிகளைத் தவிர வேறொன்றும் காணப்படவில்லை.

"மச்சான், நட்டதெல்லாம் கொட்டுண்டு போச்சுது. நீ விஞ்ஞானம் படிப்பிச்சனிதானே, இது என்னெண்டு சொல்லு" என்றார்.

சிவராத்திரி வரையிற் பொறுத்திருக்குமாறு சொன்னேன். நான் ஆறுதலுக்காகச் சொல்வதாகவே அவர் எண்ணினார். பின்னர் மாசி மாதத்தில், மகா சிவராத்திரியன்று, திருக்கேதீச்சரத்தில் பாலாவித் தீர்த்தம் சுமந்து செல்லும் அடியார் வரிசையில் அவரைக் கண்டேன். தொப்பி இல்லை. ஓரங்குலமும் இரண்டங்குலமுமாகக் கரிய மயிர் அவர் நெற்றிக்கு மேல் நனைந்து படிந்திருந்தது.

விழா மலருக்கு விஞ்ஞானக் கட்டுரையொன்று வேண்டுமென ஆசிரியர் கேட்டபோது இந்நிகழ்ச்சியே என் நினைவுக்கு வந்தது. நட்ட மயிர் உதிர்ந்துவிட்டதெனின், பின்னர் முளைத்தது யாது? அஃது எங்கிருந்து வந்தது? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிக் கூறிவிடுகின்றேன். 'மயிர்' என்னும் சொல்லை வாய்விட்டுச் சொல்ல இக்காலத்து இளைஞர் கூசுகின்றனர். அஃது இழிசொல் அன்று. கவரிமாவைப் பற்றிய குறளில் வள்ளுவர் ஆண்ட சொல் அதுவே. தலையினின்று வீழ்ந்த மயிரை, தம் நிலையில் தாழ்ந்த மாந்தர்க்கு உவமையாக்கியவரும் அவரே. அவ்வுவமை விஞ்ஞான முறையிலும் பொருந்துவதாகும். வீழ்ந்த மயிர் உயிரற்றது. ஆயின் அது வீழ்ந்தவிடத்தில், தோலின் உள்ளே எஞ்சி நிற்பது உயிருள்ளது.

நாம் வாரி முடிப்பதும் நாவிதரிடம் கொடுத்துக் களைவதும் அவ்வுயிரற்ற இழையையே. அவ்விழையை ஆக்கும் உறுப்புத் தோலுக்குள்ளே நான்கு அல்லது ஐந்து மில்லிமீற்றர் ஆழத்துக்குப் புதைந்து கிடக்கும் சிறியதொரு பை. அதனை மயிர்ப்பை என்று வழங்குவோம். மொட்டையடித்தால் மயிர் அடர்ந்து வளரும் என்று நம் தாய்மார் சொல்வது இதனாலேயே பொருந்தாது. கத்தி இழையைத்தான் வெட்டுகின்றது. பையை அது தீண்டுவதில்லை. நேர்த்திக்கடனுக்கு மொட்டையடிப்பது வேறு. அதை யான் குறை கூறவில்லை.

மயிர்ப்பையில் இரண்டு இடங்கள் முதன்மையானவை. அடியில், வெங்காயத்தின் அடிபோல் பருத்த பகுதியினுள்ளே, முளைபோன்ற சிறு கட்டியொன்று உண்டு. இழை வளர்க என்று மேலுள்ள கலங்களுக்கு ஆணையிடுவது இவ்வேர்முளையே. மற்றையது, தோலின் மேற்பரப்புக்கும் அடிக்கும் இடையில், மயிரைச் சிலிர்க்கச் செய்யும் நுண்தசை வந்து ஒட்டுமிடத்தில் உள்ள சிறு புடைப்பு. மயிரின் வளர்ச்சி முழுவதும் அடியிலேதான் நடைபெறுகின்றது என்று ஆய்வாளர் நெடுங்காலம் நம்பினர். வேண்டும்போது எழுந்து பெருகவல்ல மூலக் கலங்கள் அடியில் அன்றி இப்புடைப்பிலேயே உறங்குகின்றன என்பதை, அமெரிக்காவில் கொற்சரேலிஸ் முதலிய மூவர் 1990ஆம் ஆண்டில் எலிகளிற் கண்டு வெளியிட்டனர்.

ஒரு மயிர்ப்பை ஓயாது தொழில் புரிவதில்லை. தலையில் உள்ள ஒவ்வொரு பையும் இரண்டு முதல் ஆறு ஆண்டு வரை இழையை வளர்க்கும். பின் இரண்டு மூன்று கிழமைகளில் தன் கீழ்ப்பகுதியைத் தானே சுருக்கிக்கொள்ளும். அதன்பின் ஏறக்குறைய மூன்று மாதம் ஓய்ந்திருக்கும். பழைய இழை விழும். புடைப்பிலுள்ள மூலக் கலங்கள் விழித்தெழுந்து, சுருங்கிய கீழ்ப்பகுதியைப் புதிதாகக் கட்டி எழுப்ப, புதிய இழை தோன்றும். நம் தலையில் ஏறக்குறைய 100,000 மயிர்கள் உள்ளன. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. எனவே, மயிர்ப்பை என்பது வாழ்நாளிற் பலமுறை தன்னைத் தானே அழித்து மீண்டும் ஆக்கிக்கொள்ளும் உறுப்பாகும். நம் உடம்பில் இத்தகைய வழக்கமுடைய உறுப்பு வேறொன்றைக் காண்பது அரிது.

என் நண்பருக்கு நேர்ந்ததை இனி விளங்கிக்கொள்ளலாம். பெயர்த்தெடுத்த கணத்தில் மயிர்ப்பைக்கு இரத்தவோட்டம் அறுந்துபோகின்றது. புதிய குழியில் வைத்த முதற் சில நாள்களில், சுற்றியுள்ள திசுவிலிருந்து கசியும் நீரை உறிஞ்சியே அஃது உயிர்வாழ்கின்றது. பின்னரே நுண்ணிய குருதிக் குழாய்கள் வந்து பொருந்துகின்றன. இவ்விடர்க்காலத்தில் இழை வளர்க்கும் ஆடம்பரத்தை அது கைவிடுகின்றது. தன்னைச் சுருக்கிக்கொண்டு ஓய்வில் ஆழ்கின்றது. நட்ட இரண்டு முதல் நான்கு கிழமைகளில் இழைகள் உதிர்வதன் காரணம் இதுவே. மூன்று நான்கு மாதங்களில் ஓய்வு நீங்க, புதிய இழை நூல்போல் மெலிதாக எட்டிப் பார்க்கும். மாதத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில் வளர்ந்து, ஒன்பது மாதம் முதல் ஓராண்டுக்குள் தன் இயல்பான பருமனை அடையும். நாற்று நட்ட வயலைப் பார்த்தவர்க்கு இதில் வியப்பிராது. பிடுங்கி நட்ட நாற்று முதலிற் சோர்ந்து, நுனி பழுத்து நிற்பதும், வேரூன்றியபின் பச்சைக் குருத்து விடுவதும் வழக்கமன்றோ? நண்பர் கட்டுக்கரைக் குளத்து நீரில் விளைந்த நெல்லுண்டு வளர்ந்தவர்; ஆயினும் தம் தலையென்று வந்தபோது அதை மறந்துவிட்டார்.

பின்தலையின் மயிரை முன்தலையில் நட்டால் அது மாத்திரம் ஏன் மீண்டும் உதிர்ந்து வழுக்கையாவதில்லை என்று இவ்விடத்தில் மாணவர் கேட்கலாம். முன்தலை நிலமே கெட்டது என்றால், அங்கு நட்டதும் கெடவேண்டுமல்லவா?

நம் பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தை எல்லோரும் பார்த்திருப்பர். அடிமரத்தின் சுற்றளவு ஏறக்குறைய பத்தொன்பதரை மீற்றர். ஆபிரிக்க மண்ணுக்குரிய அம்மரத்தை அராபிய வணிகர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படுகின்றது. பல நூற்றாண்டுகள் மன்னார் மண்ணில் நின்றும் அது பனையாகவும் மாறவில்லை, வேம்பாகவும் மாறவில்லை. தன் குலத்து வழக்கப்படியே இலையுதிர்த்து வெறுங்கிளையாய் நிற்கின்றது. மயிர்ப்பையும் அத்தகையது. வழுக்கைக்குக் காரணம் நிலமன்று. அந்நிலத்தில் பிறந்த பைகளின் பிறவிக் குணமே. ஆண்களின் உடம்பிற் சுரக்கும் ஓமோனுக்கு முன்தலைப் பைகள் அஞ்சி ஒடுங்குகின்றன. பருவமெய்துமுன் விதையிழந்தோர்க்கு இவ்வழுக்கை விழுவதில்லை என்பதை ஹமில்ற்றன் என்னும் அமெரிக்கர் 1942இல் எடுத்துக் காட்டினார். பின்தலைப் பைகளோ அவ்வோமோனைப் பொருட்படுத்துவதில்லை. எங்குக் கொண்டுபோய் நட்டாலும் அக்குணம் அவற்றை விட்டு நீங்குவதுமில்லை.

இதனைத் தெளிவாக நிறுவியவர் நியூயோர்க் நகரத்துத் தோல் வைத்தியர் நோர்மன் ஓரென்றைக். மயிருள்ள தோல் வட்டங்களை வழுக்கையிலும், வழுக்கைத் தோல் வட்டங்களை மயிருள்ளவிடத்திலும் மாற்றி நட்டுப் பார்த்தார். மயிருள்ளது வழுக்கையின் நடுவிலும் மயிரை வளர்த்தது. வழுக்கையோ மயிரின் நடுவிலும் வழுக்கையாகவே கிடந்தது. 1952இல் இம்முறையில் வழுக்கைக்குச் சிகிச்சை தொடங்கினார். ஆராய்ச்சியை வெளியிட்டது 1959இல். ஆயினும் அவருக்கு முன்னரே, 1939இல், யப்பானிய வைத்தியர் ஒக்குடா, தலையிலும் புருவத்திலும் தழும்பு விழுந்து மயிரிழந்தோர்க்குச் சிறு வட்டங்களாக மயிர்த்தோலை நட்டு, அதனை யப்பானிய மொழியில் எழுதி வைத்திருந்தார். பின்னர் மூண்ட யுத்தத்தால் அக்கட்டுரை மேனாட்டார் கண்ணிற் படவேயில்லை. ஒக்குடா மயிர் நட்டது அழகு கருதியன்று. வடுப்பட்டோரின் துயர் கருதியே என்பதை நான் இங்கு அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன். இக்கலை பிறந்தது அத்துயரில். செல்வர் தலைக்கு வந்தது பின்னர்.

நம் தமிழ்நிலத்தில் இக்கலை செய்த பெருந்தொண்டும் அவ்வகையினதே. தலைமன்னார்த் துறையிற் கப்பலேறி, இராமேசுவரம் வழியாக வேலூர் மருத்துவமனைக்குச் சென்று நலம்பெற்று மீண்டோரை நம் முன்னோர் அறிவர். அம்மருத்துவமனையில் 1946 முதல் பணியாற்றியவர் போல் பிராண்ட் என்னும் சத்திர வைத்தியர். ஆங்கிலப் பெற்றோர்க்குக் கொல்லிமலையில் 1914இற் பிறந்தவர். தொழுநோயால் மடங்கிப்போன கைவிரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்திய அவர் புகழை உலகறியும். புருவம் நட்ட கதையை அறிந்தோர் சிலரே.

தொழுநோய்க் கிருமி உடம்பின் குளிர்ந்த பகுதிகளை நாடிச் செல்வது. முகத்தில் மூக்கும் புருவமும் அதற்கு இரையாகின்றன. புருவ மயிர் வெளிப்புறத்திலிருந்து உதிர்ந்து மறைகின்றது. மருந்தால் நோய் முற்றாக நீங்கியபின்னும் உதிர்ந்த புருவம் தானாக வருவதில்லை. ஊருக்குத் திரும்பியவரின் முகத்தைக் கண்டதும் அயலார் விலகுவர். எவரும் வேலை கொடார். தேநீர்க்கடையில் ஒரு குவளை கொடுக்கவும் தயங்குவர். கைகள் செவ்வையாகி, தொழில் கற்று, நோயற்றவர் என்ற சான்றோடு சென்றவர்கள் பிச்சையெடுக்கும் நிலைக்குத் தள்ளப்பட்டதைப் பிராண்ட் கண்டார். ஒல்லாந்தர் காலத்திலிருந்து ஹெந்தளையிலும், பின்னர் மட்டக்களப்பு மாந்தீவிலும் நம் நாட்டுத் தொழுநோயாளர் ஒதுக்கி வைக்கப்பட்ட வரலாற்றை அறிந்தோர்க்கு, புருவம் இல்லாத முகம் எத்துணைப் பாரம் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

பிராண்டும் அவர்தம் குழுவினரும் செய்தது இதுவே. மயிரடர்ந்த தலைத்தோலிற் புருவ வடிவான ஒரு துண்டை, அதற்கு இரத்தம் ஊட்டும் நாடியும் நாளமும் அறாதபடி வெட்டியெடுத்தனர். நெற்றித் தோலின் கீழே ஒரு சுரங்கம் அமைத்து, அத்துண்டை அதனூடாக இழுத்துவந்து, புருவம் இருந்தவிடத்திற் பொருத்தித் தைத்தனர். இரத்தவோட்டம் இடையறாமையால் மயிர்ப்பைகள் அங்கு நன்கு நிலைத்து வளர்ந்தன. ஆனால் அவை தலையிற் பிறந்தவை! புருவ மயிர் சில மாதமே வளர்ந்து ஓய்வது, ஆகவே குறுகியது. தலைமயிரோ ஆண்டுக்கணக்கில் வளர்வது. புதிய புருவம் கண்ணை மறைக்கும் அளவுக்கு நீண்டது. அதைக் கத்தரிக்க வேண்டுமென்று வைத்தியர் சொல்லியும், முதன்முதற் புருவம் பெற்ற சிலர், ஆண்டுகள் பல வெறுமையாயிருந்த இடத்தில் வந்த மயிரை வெட்ட மனமில்லாமல், நீளமாக வளரவிட்டுப் பெருமையோடு திரிந்தனர் என்று பிராண்ட் எழுதியிருக்கின்றார். எந்த ஆராய்ச்சிக்கூடத்துச் சோதனையையும் விட, இடம் மாறியும் மயிர்ப்பை தன் பிறப்பை மறவாது என்பதற்கு எனக்குப் பிடித்த சான்று அப்புருவங்களே.

முற்றாக மறவாது என்று சொல்வதும் மிகையாகும். பின்தலை மயிரைக் காலில் நட்டுப் பார்த்த கொரிய ஆய்வாளர், அங்கு அது தலையில் வளரும் வேகத்தின் ஏறக்குறைய பாதி வேகத்திலேயே வளரக் கண்டனர். நிலத்துக்கும் ஓரளவு சொல் உண்டு போலும்.

நண்பரின் தலையில் நிகழ்ந்தது முழுப் பை மீண்டும் விழித்த கதை. பை வெட்டுண்டால் என்னாகும் என்பது அதனினும் ஆழ்ந்த வினா. ஸ்கொட்லாந்திலுள்ள டண்டி நகரில் 1960களில் ஒலிவர் என்பவர் எலியின் மீசை மயிர்ப்பையின் அடியை வெட்டி நீக்கினார். வேர்முளையே போய்விட்டது. ஆயினும் வெட்டியது அடியின் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாதபோது, பையைச் சுற்றியுள்ள உறையின் கலங்கள் ஒன்றுகூடிப் புதியதொரு வேர்முளையை ஆக்கின. மீசை மீண்டும் முளைத்தது. அதற்கு மேல் வெட்டியபோது முளைக்கவில்லை. 1984இல் ஜகோடா, ஹோர்ன், ஒலிவர் ஆகிய மூவரும், ஆராய்ச்சிக்கூடக் கிண்ணத்தில் வளர்த்துப் பெருக்கிய வேர்முளைக் கலங்களை, இவ்வாறு முளைக்கும் ஆற்றலிழந்த பைகளின் அடியில் வைத்தனர். அவையும் மயிரை ஈன்றன. இது மனிதனிலும் நிகழுமா என்பதற்குத் தென்கொரியாவின் தேகு நகரத்துக் கிம் என்பவரும் அவர் துணைவரும் 1995இல் விடை தந்தனர். அடிக்குமிழை வெட்டி நீக்கிய மனித மயிர்ப்பைகளைத் தோலில் நட்டபோது, அவை புதிய குமிழை அமைத்துக்கொண்டு மயிர் வளர்த்தன. நடும்போது வைத்தியரின் கருவி தவறிச் சில பைகள் அடியறுந்து போவது உண்டு. அவை அனைத்தும் வீணாவதில்லை என்பது இதனாற் பெறப்பட்டது.

1999இல் நடந்த ஒன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. ஜகோடா தம் தலையிலிருந்து எடுத்த மயிர்ப்பை உறைக் கலங்களைத் தம் மனைவியாரும் உடன் ஆய்வாளருமான அமண்டா றெனோல்ட்சின் முன்கையில் வைத்தார். பிறர் உடம்பின் திசுவை நம் உடம்பு தள்ளிவிடுவதே முறை. இக்கலங்கள் தள்ளப்படவில்லை, அம்மையாரின் கையில், கணவரின் கலங்கள் தூண்ட, சில மயிர்கள் முளைத்தன. இல்லற ஒற்றுமைக்கு இதனினும் நுட்பமான சான்று வேண்டுமோ?

இவ்வளவும் படித்தவர், வழுக்கைக்கு முடிவு வந்துவிட்டது என்று மகிழ்ந்துவிடலாகாது. மயிர் நடுகை என்பது இடமாற்றமேயன்றிப் பெருக்கமன்று. கருவில் இருக்கும்போதே நம் மயிர்ப்பைகள் யாவும் அமைந்துவிடுகின்றன. எலியின் தோலில் உண்டாக்கிய பெரும் புண்ணின் நடுவே புதிய மயிர்ப்பைகள் தாமாகத் தோன்றுவதை 2007இல் அமெரிக்க ஆய்வாளர் கண்டனர். மனிதனின் புண்ணோ மயிரற்ற தழும்பாகவே ஆறுகின்றது. மனித வேர்முளைக் கலங்கள் கிண்ணத்தில் வளர்ந்து பெருகும்போது, மயிரை ஆக்கும் ஆற்றலைப் பெரிதும் இழந்துவிடுகின்றன. அவற்றைத் தட்டையாகப் பரவவிடாது உருண்டைகளாகத் திரளச் செய்தால் அவ்வாற்றல் ஓரளவு மீள்வதை ஹிக்கின்ஸ், கிறிஸ்ரியானோ, ஜகோடா ஆகியோர் 2013இற் காட்டினர். எனினும், ஒரு பையை எடுத்து நூறு பையாக்கித் தரும் சிகிச்சை இன்னும் வைத்தியரின் அன்றாட வழக்குக்கு வரவில்லை. அவ்வாறு தருவதாக விளம்பரம் செய்வோரை நம்பவேண்டாம்.

பின்தலைச் சேமிப்போ அளவுள்ளது. ஒன்று முதல் நான்கு மயிர் வரை கொத்தாக நிற்கும் பைகளையே வைத்தியர் எடுத்து நடுகின்றனர். ஒரு தலைக்கு இவ்வாறு ஆயிரக்கணக்கான கொத்துகள் வேண்டியிருக்கும். எடுத்தவிடத்தில் மீண்டும் முளைக்காது. இருபத்திரண்டு வயதில் அவசரப்பட்டு முன்தலையை நிரப்பிக்கொண்டவருக்கு, பிற்காலத்தில் அதன் பின்னால் உள்ள சொந்த மயிர் உதிர்ந்தபோது, நட்டது மாத்திரம் கடலிடைத் தீவுபோல் நிற்கும். இளைய மாணவர் இதனைக் கருத்திற் கொள்க.

இஃது ஒரு சத்திரசிகிச்சை என்பதும் மறக்கப்படுகின்றது. 2016ஆம் ஆண்டு சென்னையில் மருத்துவ மாணவர் ஒருவரே மயிர் நடுகைக்குப் பின்னர் உயிரிழந்தார். அந்நிலையம் பின்பு மூடப்பட்டது. மயக்கமருந்தையும் அதன் விளைவையும் அறிந்த, பதிவுபெற்ற வைத்தியர் முழுநேரமும் உடனிருக்கின்றாரா என்று கேளாமல் எவரும் அந்நாற்காலியில் அமரலாகாது.

திருக்கேதீச்சரத்தில் நண்பரைக் கண்ட அதே நாளில், என்னிடம் முன்னர் கல்வி பயின்ற ஒருவரும் எங்களுடன் வந்து நின்றார். போர்க்காலத்தில், சிறு பிள்ளையாயிருந்தபோது பட்ட தீக்காயம் அவருடைய இடப்பக்க நெற்றியையும் புருவத்தையும் வழவழப்பான தழும்பாக்கிவிட்டிருந்தது. இப்பொழுது அவர் ஆசிரியர். நண்பரின் தலையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தவர், சிறிது தயங்கி, "சேர், என்ரை புருவத்துக்கும் இப்பிடிச் செய்யேலுமோ?" என்று கேட்டார்.

ஏலும் என்றேன். ஆயின் தழும்பில் இரத்தவோட்டம் குறைவு. அதனால் நல்ல தோலிற் பிழைக்குமளவு பைகள் அங்குப் பிழையா. முதலிற் சிலவற்றை மட்டும் நட்டு, அவை மீண்டும் முளைக்கின்றனவா என்று சில மாதம் பொறுத்துப் பார்த்து, அதன்பின் எஞ்சியதை நடுவிக்க வேண்டும். மூன்றாம் கிழமையில் யாவும் உதிரும், அதற்கு அஞ்சலாகாது. மயிர் சாயும் திசை புருவத்துக்கு முக்கியம். ஆகவே கைதேர்ந்தவரிடமே செல்லவேண்டும். வரும் மயிர் தலைமயிராகையால் ஓயாது வளரும். வாழ்நாள் முழுவதும் வெட்டிக்கொண்டிருக்க வேண்டும். இவ்வளவையும் ஒளிக்காமற் சொன்னேன்.

அவர் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். "கிழமைக்கு ஒருக்கால் வெட்டினாற் காணுமோ சேர்?" என்றார். ஒருகால் போதும் என்றேன். தீர்த்தக் குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு வரிசையில் முன்னே நடந்தார்.